குத்துவிளக்கு யார் வீட்டுப் பொருள்? பண்பாட்டுமயமாதல் பற்றி ஓர் எளிய விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன்பு சேலத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பொங்கல் திருப்பலி. பீடத்துக்கு முன்னால் ஆளுயரப் பித்தளைக் குத்துவிளக்கு. உச்சியில் அன்னம் இருக்க வேண்டிய இடத்தில் சிலுவை. முற்றத்தில் மண்பானை, கரும்பு, மஞ்சள்கொத்து. எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அரிசிபாளையத்துப் பெரியம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "கண்ணு, இது அவர்கள் விளக்கு. நம் பீடத்தில் இதற்கு என்ன வேலை?" என்று கேட்டார். அன்று மாலை, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கள் விளக்காயிற்றே அண்ணா, உங்கள் கோயிலில் எதற்கு?" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனால் கேள்வி ஒன்றே. கத்தோலிக்கம் கலப்படமாகிறது என்று பெரியம்மா பயப்படுவதாக அன்று நான் எடுத்துக்கொண்டேன். நண்பருக்கு அது ஆள் பிடிக்க விரித்த வலை. மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு; நான் அடிக்கடி சந்திப்பது இவர்களைத்தான். விளக்கு வைத்தாயிற்று, ஆரத்தி எடுத்தாயிற்று, இனி நாம் முழுத் தமிழர் என்று மேடையேறி மகிழ்கிறவர்கள்.

மூன்று தரப்பும் சுற்றிச் சுற்றி வருவது ஒரே கருத்தைத்தான். கத்தோலிக்க அறிஞர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பண்பாட்டுமயமாதல். பெயர் நீளம், பொருள் அவ்வளவு கடினமானதில்லை. ஆனால் மேடைப்பேச்சிலும் தெருச்சண்டையிலும் அடிபட்டு அடிபட்டு அதன் உருவமே தேய்ந்துவிட்டது.

ஏற்காட்டுக் காப்பியிலிருந்து தொடங்கலாம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போக சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள், மரங்களைச் சுற்றி மிளகுக் கொடிகள். பார்க்கிற கண்ணுக்கு இந்த மலை தோன்றிய நாள்முதல் இவை இங்கேயே இருப்பதுபோல் தெரியும். காப்பி எத்தியோப்பியாவில் பிறந்தது; அரபு நாடுகளின் வழியாக உலகம் சுற்றியது. சேர்வராயன் மலைக்கு அதைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன். ஆக, நம் 'ஊர்க் காப்பி'க்கு இங்கே இருநூறு வயதுதான்.

இப்போது காப்பியை வைத்து நான்கு காட்சிகளைப் பாருங்கள்.

முதலாவது, வெளிநாட்டுக் காப்பி டப்பா ஒன்றில் தமிழில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. உள்ளே இருக்கும் பொருள் மாறவில்லை. நாம் படித்துப் புரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். இரண்டாவது, அதையே கோப்பையில் ஊற்றாமல் டம்ளர் டவராவில் ஊற்றிக் கொடுப்பது. கைக்குப் பழக்கமான பாத்திரம், குடிப்பது எளிதாகிறது.

மூன்றாவது காட்சி கொஞ்சம் ஆழமானது. வடிகட்டிய டிகாக்‌ஷன், நுரைக்கக் காய்ச்சிய பால், ஆற்றி ஊற்றும் லாவகம் என்று இங்கே புதிதாக ஒரு பானமே உருவாயிற்று. எத்தியோப்பியக் கிழவி ஒருத்தி இதைக் குடித்தால் காப்பி என்று ஒப்புக்கொள்வாள். ஆனால் தன் ஊர்க் காப்பி என்று சொல்லமாட்டாள். அதோடு நிற்கவில்லை. வந்தவருக்கு மோர் கொடுத்த வீடுகள் காப்பி கொடுக்கத் தொடங்கின. "ஒரு வாய் காப்பிகூடத் தரவில்லை" என்பது உறவு முறிகிற அளவுக்குப் பெரிய குறையாயிற்று. காப்பியை நாம் மாற்றினோம். காப்பி நம் விருந்தோம்பலை மாற்றியது.

நான்காவது சிக்கரி. பொடிக்கடையில் நின்றால் எண்பதுக்கு இருபதா, அறுபதுக்கு நாற்பதா என்று கேட்டு அரைத்துக் கொடுப்பார்கள். கொஞ்சம் சேர்ந்தால் கெட்டியும் நிறமும் வரும் என்று விரும்பிக் கேட்பவர்கள் உண்டு. சேர்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் அது காப்பியே இல்லாமல் போகும். அந்த எல்லையை நம் உணவுச் சட்டம் எண்ணால் போட்டிருக்கிறது: காப்பி சிக்கரிக் கலவை என்று விற்க வேண்டுமானால் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். இறையியலில் இப்படி ஓர் எண் இருந்திருந்தால் நானூறு ஆண்டுச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

நான்கு சொற்கள்

இறையியல் என்ற சொல்லை இப்போதுதான் பயன்படுத்தினேன். தான் நம்புவதை அறிவால் புரிந்துகொள்ள நம்பிக்கையாளர் எடுக்கும் முயற்சிக்கு அதுதான் பெயர். போதிப்பது வேறு, பக்தி வேறு. பள்ளியில் கணக்கு ஆசிரியர் விடையை மட்டும் கேட்காமல் வழிமுறையையும் காட்டச் சொல்வதுபோல, இறையியல் நம்பிக்கையின் வழிமுறையைக் காட்டச் சொல்கிறது.

அந்த இறையியலின் மொழியில் மேலே பார்த்த காட்சிகளுக்குப் பெயர் வைக்கலாம். பெயர்ச்சீட்டு ஒட்டுவது மொழிபெயர்ப்பு. டம்ளரில் ஊற்றுவது தழுவல்: வெளிவடிவத்தை மட்டும் உள்ளூருக்கு ஏற்ப மாற்றுவது. மூன்றாவதுதான் பண்பாட்டுமயமாதல்: ஒரு நம்பிக்கை ஒரு மக்களின் வாழ்வுக்குள் வேர்விட்டு, அவர்களுடைய வடிவங்களிலேயே தன்னைப் பேசுவதோடு, அந்த வாழ்வையும் உள்ளிருந்து மாற்றுவது. நான்காவது கலப்புநெறி: இரண்டைக் கலக்கும்போது ஒன்றின் சாரமே காணாமல் போவது.

பெரியம்மா பயந்தது கலப்புநெறியை என்று வைத்துக்கொள்வோம். நண்பர் சந்தேகப்பட்டது வெறும் தழுவலை. மேடைக்காரர்கள் தழுவலைக் காட்டிப் பண்பாட்டுமயமாதல் நடந்துவிட்டதாக அறிவிக்கிறார்கள். குழப்பம் முழுவதும் இங்கேதான்.

பண்பாட்டுமயமாதல் என்ற கருத்து பழையது; சொல் புதியது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகெங்கும் உள்ள ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய பேரவை, பண்பாட்டைப் பற்றித் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுதியது. மனிதர் தம்மையும் தம் உலகையும் செப்பனிட்டுக்கொள்ளும் எல்லா வழிகளையும் அது பண்பாடு என்று கொண்டது. ஆட்டமும் பாட்டும் மட்டுமல்லாமல் குடும்பம், சட்டம், உழைப்பு, அறிவியல் எல்லாமே அதற்குள் வந்துவிடுகின்றன. நற்செய்திக்கும் பண்பாட்டுக்கும் இடையே விழுந்த பிளவு நம் காலத்தின் துயரம் என்று திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் 1975இல் எழுதினார். இயேசு சபையின் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே 1978இல் தம் சபையினருக்கு எழுதிய மடலில் இந்தச் சொல்லை விளக்கினார். அடுத்த ஆண்டே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் ஆவணம் ஒன்றில் அது இடம்பெற்றது. சொல் பரவிய வேகத்தில் பொருள் பரவவில்லை.

'ஐரோப்பிய' கோயிலும் ஒரு கலவைதான்

"அசல் கத்தோலிக்கம் என்றால் ஊசிக்கோபுரமும் மெழுகுவர்த்தியும்தானே?" என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்காட்டில் மூடுபனிக்குள் நிற்கும் கோயில்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானபோது முதல் ஆயரானவர் பிரூனியே என்ற பிரெஞ்சுக்காரர். அதற்கு முன்பும் இந்தப் பக்கத்துப் பணியாளர்களில் பலர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். தம் ஊரில் பார்த்த மாதிரி கட்டினார்கள்.

ஆனால் இயேசு பிரெஞ்சுக்காரர் இல்லை. அவர் பேசியது அரமேயம், வாழ்ந்தது யூதராக. அவரைப் பற்றிய நற்செய்தி நூல்கள் கிரேக்கத்தில் கிடைக்கின்றன. அதாவது முதல் தலைமுறையிலேயே செய்தி ஒரு பண்பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டிவிட்டது. யூதரல்லாதவர் இதில் சேர வேண்டுமானால் முதலில் யூத வழக்கப்படி விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்று எருசலேமில் கூடி விவாதித்ததைத் திருத்தூதர் பணிகள் நூலின் 15ஆம் அதிகாரம் சொல்கிறது. வேண்டாம் என்று முடிவாயிற்று. என் கருத்தில், பண்பாட்டுமயமாதல் பற்றிய முதல் கூட்டம் அதுதான். அதைவிடச் சூடான கூட்டம் அதன்பின் நடந்ததாகத் தெரியவில்லை.

'பசிலிக்கா' என்று நாம் பயபக்தியோடு சொல்கிற சொல் முதலில் குறித்தது உரோமையரின் பொதுமண்டபத்தை. வழக்கு விசாரித்த, வியாபாரம் பேசிய இடம். கிறிஸ்தவர்கள் அந்தக் கட்டட வடிவத்தை எடுத்துக் கோயிலாக்கிக்கொண்டார்கள். நீண்ட கூடம், கோடியில் அரைவட்ட மாடம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. அவர்கள் ஊர்க் குத்துவிளக்கு அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால்: பண்பாடு எதிலும் ஒட்டாத 'தூய' கிறிஸ்தவம் என்று ஒன்று எந்த ஊரிலும் இருந்ததில்லை. கேள்வி எப்போதும் 'எந்த வடிவம்' என்பதும், 'அந்த வடிவம் எதைச் சுமந்து வருகிறது' என்பதும்தான்.

1623, சேலம்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைத் தலையில் சுமந்தவர் இராபர்ட் தெ நொபிலி. இத்தாலியர், 1577இல் பிறந்தவர், இயேசு சபைத் துறவி. 1606இல் மதுரை வந்தார். அங்கே அவருக்கு முன்பே இருந்த குருவானவருக்கு, திருமுழுக்குப் (ஞானஸ்நானம்) பெற வருபவர்களிடம், "பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா?" என்று கேட்கும் வழக்கம் இருந்தது. இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கிறிஸ்துவை நம்புவது என்றால் போர்ச்சுகீசியராக மாறுவது, அதுவும் ஒரு சாதியாக மாறுவது என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது.

நொபிலி வேறு வழியில் போனார். காவி உடுத்தினார், இறைச்சியை விட்டார், பாதக்குறடு அணிந்தார், சமஸ்கிருதமும் தமிழும் கற்றார், தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். உரைநடையில் நூல்கள் எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைத் தம்மிடம் வந்த உயர்சாதியினர் விடத் தேவையில்லை என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் நமக்கு முக்கியம். ஒரு வழக்கத்தைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்: இது வழிபாட்டுச் சடங்கா, அல்லது சமூகத்தில் ஒருவர் யார் என்று காட்டும் அடையாளமா? முதலாவது என்றால் விடவேண்டும். இரண்டாவது என்றால் இருக்கலாம்.

சக பணியாளர்களே அவரை எதிர்த்தார்கள். வழக்கு கோவாவுக்குப் போயிற்று, உரோமைக்குப் போயிற்று. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு அந்த வழக்கங்களை அனுமதித்தார். அதே ஆண்டு நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்தார். சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்து சேர்ந்தார். இன்று நாமக்கல் போகும் பஸ்ஸில் அந்தப் பக்கங்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காவித் துணிக்காரர் நினைவு வரும். உலகத் திருச்சபையின் பெரிய பண்பாட்டு விவாதம் ஒன்று நம் ஊர்ப் புழுதியில் கால் பதித்து நடந்திருக்கிறது. நம் ஊரிலேயே இது பலருக்குத் தெரியாது.

கதை அங்கே முடியவில்லை. 1704இல் புதுச்சேரியில் உரோமைப் பிரதிநிதி தூர்னோன் இந்த வழக்கங்களில் பலவற்றைத் தடைசெய்தார். 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அந்தத் தடையை உறுதியாக்கினார். தடைக்குக் கீழ்ப்படிவதாகப் பணியாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல்தான் நீங்கியது. இரண்டு நூற்றாண்டுகள் கதவு அடைத்தே கிடந்தது.

முத்தமும் கண்ணில் ஒற்றுவதும்

கதவு திறந்த பிறகு என்ன நடந்தது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட ஆவணம், வழிபாட்டில் மக்கள் மொழிக்கும் உள்ளூர் மரபுக்கும் இடம் கொடுத்தது. அதுவரை திருப்பலி இலத்தீனில். குருவானவர் சொல்வது புரியாமல் மக்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த காலத்தைப் பெரியம்மா நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறார்.

1969 ஏப்ரலில், இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி, வழிபாட்டில் பன்னிரண்டு மாற்றங்களை உரோமை அனுமதித்தது. கட்டாயமில்லை, விரும்பிய இடங்களில் செய்துகொள்ளலாம். தரையில் அமரலாம், செருப்பைக் கழற்றிவிடலாம், கைகூப்பி வணங்கலாம், மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம் என்று பட்டியல் போகிறது. விளக்குச் சண்டையின் அதிகாரபூர்வ மூலம் இதுதான்.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது பலரும் கவனிக்காத ஒன்று. உரோமை முறையில் குருவானவர் பீடத்தைக் குனிந்து முத்தமிடுவார். நற்செய்தி நூலையும் முத்தமிடுவார். அதற்குப் பதிலாக, விரலால் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோகலாம் என்று அனுமதி வந்தது. கீழே விழுந்த புத்தகத்தை எடுத்து நாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அதே செய்கை.

இங்கே பண்பாட்டுமயமாதலின் பொறிமுறை கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: குறி, அது சொல்லும் பொருள். முத்தம் என்பது குறி; மரியாதை என்பது பொருள். இத்தாலியருக்கு முத்தம் மரியாதையைச் சொல்கிறது. நம் ஊரில் பெரியவர்கள் முன் அதே முத்தம் வேறு எதையெதையோ சொல்லிவைக்கும். குறியை அப்படியே வைத்தால் பொருள் மாறிவிடும். பொருளைக் காப்பாற்ற வேண்டுமானால் குறியை மாற்றியாக வேண்டும். மாற்றாமல் இருப்பதுதான் சில நேரம் பெரிய மாற்றம்.

ஆனால் குறி என்பது தனியாக நிற்கும் பொருளும் அல்ல. நம் வீட்டுக்கு வருவதற்கு முன் அது எங்கெங்கோ வாழ்ந்திருக்கிறது. அந்த வாசனையோடுதான் வருகிறது. எந்த வாசனை பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பதுதான் இறையியலாளரின் வேலை. சிக்கரி அளவு பார்ப்பதும் அதேபோல்தான்; நாக்கு வேண்டும், அளவுகோல் போதாது.

அறிஞர்கள் அனுமதி வாங்குவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே மக்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொடிமரம், கொடியேற்றம், சப்பரம், தேர்ப்பவனி, வேளாங்கண்ணியில் மொட்டை, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுவது, உப்பும் மிளகும் காணிக்கை போடுவது. எந்த ஆவணமும் இவற்றைச் சொல்லிக்கொடுக்கவில்லை. செருப்பை வாசலில் விட யாரும் பெரியம்மாவுக்கு 1969 வரை காத்திருக்கச் சொல்லவும் இல்லை.

பூசை, திருப்பலி, வளன்

விளக்கைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறோம். ஆனால் உண்மையான வேலை சத்தமில்லாமல் நடந்த இடம் சொற்கள்.

பெரியம்மா தலைமுறை சிறுவயதில் செபித்தது, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று. இன்று பிள்ளைகள் சொல்வது, "அருள் நிறைந்த மரியே வாழ்க". அன்று சர்வேசுரன், இன்று கடவுள். அன்று சம்மனசு, இன்று வானதூதர். இஸ்பிரீத்து சாந்து என்ற போர்ச்சுகீசியம் தூய ஆவியாயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, அர்ச்சியசிஷ்டர் புனிதரானார், பூசை திருப்பலியாயிற்று. ஒரே செபப் புத்தகத்தின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போர்ச்சுகீசியம், சமஸ்கிருதம், தனித்தமிழ் என்று மூன்று அடுக்கு மண் தெரியும், கிணறு வெட்டும்போது தெரிவதுபோல.

ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. போர்ச்சுகீசியச் சொல்லை அப்படியே வைத்தவர்கள், பொருள் சிதையக்கூடாது என்று பயந்தார்கள். சமஸ்கிருதத்துக்குப் போனவர்கள், அன்றைய கற்றவர் உலகின் மதிப்பு அந்த மொழிக்கு இருந்ததைப் பார்த்தார்கள். தமிழுக்கு வந்தவர்கள் தமிழியக்கக் காற்றைச் சுவாசித்தவர்கள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் 1995இல் வந்தபோது இந்த மூன்றாம் அடுக்கு உறுதிப்பட்டது.

இதில் எனக்கு மிகப் பிடித்த சொல் வளன். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குக் கூட்டித் தருபவர், பெருகச் செய்பவர் என்ற பொருள் உண்டு. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான யோசேப்பைச் சூசை என்று ஒலியை வைத்துத்தான் நம் மக்கள் அழைத்து வந்தார்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) தேம்பாவணி என்ற காப்பியத்தை அவரை நாயகராக்கி எழுதியபோது, ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்தார்: வளன். வளம் தருபவர். 3,615 பாடல்கள், யூதேயா நாட்டைப் பாடும் இடத்தில் தமிழ்க் காப்பிய மரபுப்படி மழையும் ஆறும் வயலும் வருகின்றன. பாலைவனத்து ஊரில் இவ்வளவு தண்ணீரா என்று புவியியல் ஆசிரியர் கேட்கலாம். காப்பியம் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது தமிழ் வாசகரின் எதிர்பார்ப்பு. முனிவர் அதற்குக் கட்டுப்பட்டார். இன்று திருச்சியில் தூய வளனார் கல்லூரி என்று பலகையைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஓர் இத்தாலியர் கண்டெடுத்த தமிழ்ச்சொல் என்று தெரியும்?

அவர் தமிழிடமிருந்து வாங்கியதோடு நிற்கவில்லை. 1732இல் சதுரகராதி தொகுத்தார். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு காட்ட வழி செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். போக்குவரத்து இருபுறமும் நடந்தது. அந்த வரிசையில் இருபதாம் நூற்றாண்டில் வந்தவர் தனிநாயகம் அடிகள் (1913–1980). ஈழத்தில் பிறந்த குருவானவர். 1952இல் ஆங்கிலத்தில் தமிழ்ப் பண்பாட்டு ஆய்விதழ் தொடங்கினார். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கு உயிர்நாடியாக இருந்தார். அந்த மாநாட்டில் யாரையும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரச்சொல்லவில்லை. கத்தோலிக்கப் புலமை என்றாலே மறைபரப்பு என்று நினைப்பவர்கள் இவரிடம் கொஞ்சம் தங்கிப் போகலாம்.

சுருக்கமாக: விளக்கு கண்ணுக்குத் தெரியும் இடம் என்பதால் சண்டை அங்கே. ஆனால் ஒரு நம்பிக்கை ஓர் ஊரில் வேர்விட்டதா என்று அறிய, அது எந்தச் சொல்லில் அழுகிறது, எந்தச் சொல்லில் பாடுகிறது என்று கேட்க வேண்டும்.

யாருடைய பண்பாடு?

காப்பிக்குத் திரும்பி வருவோம். ஒரு செய்தியை வேண்டுமென்றே தள்ளிவைத்திருந்தேன். காப்பி தமிழ்நாட்டில் வேர்விட்டபோது, நம் ஊர் வழக்கம் அத்தனையும் அதில் ஏறிக்கொண்டது. நகரங்களில் 'பிராமணாள் காபி கிளப்' என்று பலகை மாட்டினார்கள். உள்ளே சாதிக்கொரு பகுதி. கிராமத்துத் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வந்தது. வெளிநாட்டுப் பானம் முழுக்க முழுக்க உள்ளூர்மயமாகிவிட்டது, சாதியோடு சேர்த்து.

பண்பாட்டுமயமாதலின் மிகக் கசப்பான பாடம் இதுதான். எளிய விளக்கங்களில் பெரும்பாலும் விட்டுவிடப்படுவதும் இதுதான். பண்பாடு என்பது கரும்பும் மஞ்சளும் மட்டும் இல்லை. யார் எங்கே உட்காரலாம் என்பதும் பண்பாடுதான்.

நொபிலியின் இரண்டு கேள்விகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வழிபாட்டுச் சடங்கா, சமூக அடையாளமா? சமூக அடையாளம் என்றால் இருக்கட்டும். பூணூல் அந்தச் சல்லடையில் தப்பியது. சாதியும் அதே சல்லடையில் தப்பிவிட்டது. உயர்சாதியினருக்கு ஒரு வகைத் துறவி, மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமிகள் என்று வேறொரு வகை என்ற ஏற்பாடு அந்தப் பணித்தளத்தில் வளர்ந்தது. பிற்காலத்தில் நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரிக்கச் சுவரே எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை அகற்றினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1704இல் தூர்னோன் போட்ட தடையாணையை நாம் பண்பாட்டுக்கு எதிரான ஆணை என்று திட்டுகிறோம். அதே ஆணையில், நோயுற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகளுக்குள் போய்த் திருவருட்சாதனங்கள் எனும் புனிதச் சடங்குகளை நிறைவேற்ற வேண்டும் என்றும் ஒரு கட்டளை இருந்தது. 'உள்ளூர் பண்பாட்டை மதித்த' பணியாளர்கள் அந்த வாசல்படியைத்தான் தாண்டத் தயங்கினார்கள். தமிழை அறியாத வெளியூர்க்காரர் ஒருவர், தமிழை அறிந்தவர்கள் பார்க்க மறுத்ததைப் பார்த்துவிட்டார். நொபிலி மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் இந்த இடத்தில் அவருடைய சல்லடையின் ஓட்டை பெரிது என்று சொல்லாமல் இருக்க முடியாது.

1969 மாற்றங்களுக்குப் பிறகும் இதே கேள்வி வேறு வாசலில் வந்து நின்றது. சமஸ்கிருத சுலோகமும் ஆசிரமப் பாணியும் இந்தியப் பண்பாடு என்று வழிபாட்டுக்குள் நுழைந்தபோது, இது யாருடைய இந்தியா என்று தலித் கிறிஸ்தவ சிந்தனையாளர்கள் கேட்டார்கள். சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட பறை ஏன் பீடத்துக்கு அருகில் ஒலிக்கக்கூடாது? இன்று சில கோயில்களில் ஒலிக்கிறது. சேர்வராயன் மலையில் காலங்காலமாக வாழும் மலையாளிப் பழங்குடியினரையும் இதில் சேர்த்து யோசிக்கலாம். சமவெளியின் பித்தளை விளக்கை மலைமேல் ஏற்றிவைத்து 'உள்ளூர்ப் பண்பாடு' என்று சொன்னால், அவர்களுக்கு அதுவும் வெளியூர்ச் சரக்குதான்.

இந்தக் கேள்விகள் மெல்ல அதிகாரபூர்வ ஆவணங்களுக்குள்ளும் வந்துவிட்டன. இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அருப்பேயின் விளக்கத்தில் பண்பாட்டுமயமாதலுக்கு இரண்டு பாதி இருந்தது: நம்பிக்கை ஒரு பண்பாட்டின் மொழியில் பேச வேண்டும், அந்தப் பண்பாட்டை மாற்றவும் வேண்டும். நாம் முதல் பாதிக்கு விழா எடுக்கிறோம். இரண்டாம் பாதி, சாதி பார்த்துப் பிரித்த கல்லறைத் தோட்டத்துச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

அரிசிபாளையம், போன மாதம்

இந்தக் கட்டுரைக்காகப் பெரியம்மாவை மறுபடியும் பார்க்கப் போனேன். மாலை நேரம். சூசையப்பர் படத்தின் கீழே மாடத்தில் அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நல்லெண்ணெய் மணம். செருப்பு வாசலில். பக்கத்தில் பழைய செபப் புத்தகம், அட்டை போய் நூல் தெரிந்தது. "காலையில் பூசைக்குப் போனாயா?" என்று கேட்டார். அவர் வாயில் திருப்பலி என்ற சொல் இன்னும் ஏறவில்லை.

நான் அகலைக் காட்டிச் சிரித்தேன். "அன்று கோயிலில் விளக்கு வைத்ததற்கு அவ்வளவு கோபப்பட்டீர்களே பெரியம்மா, இது என்ன? இதுவும் அவர்கள் விளக்குதானே?"

"எவர்கள் விளக்கு?"

"இந்துக்கள் விளக்கு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"நான் எப்போது கண்ணு இந்துக்கள் என்று சொன்னேன்? எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அகல்தான். ஆளுயரப் பித்தளை விளக்கு பெரிய வீட்டில் இருக்கும். மாதம் ஒருமுறை என் அம்மா புளி போட்டுத் துலக்கிக் கொடுத்துவிட்டு வருவாள். திண்ணையோடு சரி, உள்ளே விடமாட்டார்கள்" என்றார். பிறகு திரியைத் தூண்டிவிட்டு, காப்பி போட எழுந்து போனார்.